டவர் வேகனா, ரோட்டிலும் ஓடும் வண்டியா? ரயில் மின்கம்பிப் பராமரிப்புக்கு எது வேண்டும்?

கேட்டனரி:
பிராட்கேஜ் பாதை கிட்டத்தட்ட முழுதும் மின்மயமாகிவிட்டது. கம்பியைப் பார்த்துக்கொள்ளும் வண்டி மட்டும் அதற்கேற்ப மாறவில்லை என்பது என் வருத்தம். தெரியாதவர்களுக்காக: டவர் வேகன் சொந்த டீசல் இன்ஜினில் ஓடும் ஒற்றைப் பெட்டி. கூரை மேல், உயர்ந்து பக்கவாட்டில் திரும்பும் ஒரு மேடை இருக்கும். கம்பியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் வேலை என்பதால் வண்டிக்குத் தனி இன்ஜின் வேண்டும்.

ஒரு மணி நேரம் பிளாக் (வேலைக்காக ரயிலையும் மின்சாரத்தையும் நிறுத்தித் தரும் நேரம்) கிடைக்கிறது என்று வையுங்கள். 20 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் டவர் வேகன் 60 கிமீ வேகத்தில் ஓடினாலும் வர 20 நிமிடம், திரும்ப 20 நிமிடம். மிச்ச நேரத்தில் எர்த் ராடு (கம்பியைத் தண்டவாளத்தோடு இணைத்து மிச்ச மின்சாரத்தை இறக்கும் கோல்) மாட்டுவதா, டிராப்பர் (மேல்கம்பியிலிருந்து கீழ்க்கம்பியைத் தாங்கும் சிறு கம்பி) மாற்றுவதா? ரோட்டிலும் தண்டவாளத்திலும் ஓடும் வண்டி இருந்தால் பக்கத்து கேட்டில் காத்திருந்து, பிளாக் வந்ததும் ஏறிவிடலாம். டெப்போவுக்கு ஒன்று கொடுங்கள், டவர் வேகனை நிறுத்திவிடலாம்.

பழைய லைன்மேன்:
தம்பி, வேலை நடக்கும் முறை வேறு. பிளாக் தொடங்கிய பிறகு டெப்போவில் இருந்து யாரும் கிளம்புவதில்லை. முன்கூட்டியே பக்கத்து ஸ்டேஷனின் கிளைப்பாதையான லூப்பில் வண்டியைப் போட்டுவைப்போம். கூட்ஸ் வண்டிக்கு அந்த லூப் வேண்டும் என்று, ரயில்களை இயக்கும் கண்ட்ரோலர் சொன்னால் அன்றைக்கு வேலை போச்சு, அது நிஜம்தான்.

ஆனால் எந்த கேட்டில் ஏறுவீர்கள்? பிராட்கேஜில் ஆளில்லா கேட்டுகளை 2019 ஜனவரியோடு ஒழித்தாகிவிட்டது. ஆளுள்ள கேட்டுகளும் ஒவ்வொன்றாகச் சப்வேயாகவும் மேம்பாலமாகவும் மாறுகின்றன. சப்வேயில் போகும் வண்டி தண்டவாளத்துக்கு அடியில்தான் போகும். மழைக்காலத்தில் கரிசல் மண் ரோட்டில் அவ்வளவு கனமான வண்டியைக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

அப்புறம், அவசரம். ஓர் இரவு நடந்ததைச் சொல்கிறேன். பவர் பிளாக் வாங்கியாச்சு, 25,000 வோல்ட் நிறுத்தப்பட்டது என்று தாளும் கையில் இருக்கிறது. எர்த் ராடின் ஒயரை முதலில் தண்டவாளத்தில் இறுக்கிவிட்டு, கொக்கியைக் கம்பிக்கு அருகே கொண்டுபோனேன். தொடுவதற்குள் 'சட்' என்று ஒரு நீலப் பொறி. மின்சாரம் நிறுத்திய கம்பியில், மின்சாரம் நிறுத்தாத பக்கத்து லைன் தொடாமலே ஏற்றிவைத்த மின்சாரம், இண்டக்ஷன் அது. அதனால்தான் வேலை செய்பவருக்கு இரண்டு பக்கமும் எர்த் போடுகிறோம். வண்டி சீக்கிரம் வந்தாலும் அந்த நேரம் குறையாது.

ஸ்டாகர்:
இருவரும் ஏணியை விட்டுவிட்டீர்கள். டவர் வேகனுக்கு வழி கிடைக்காத நாளில் நாங்கள் ஏணி டிராலியைத்தான் தள்ளுகிறோம். நேர்ப்பாதையில் சமாளிக்கலாம். வளைவில் வெளித் தண்டவாளம் உயர்ந்திருப்பதால் ஏணி உள்பக்கமாகச் சாயும். கீழே நாலு பேர் பிடித்திருக்க, ஐந்தரை மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு இரண்டு கையும் வேலைக்கு வேண்டும்.

ரயில் கூரை மேல் நின்று கம்பியை உரசி மின்சாரம் எடுக்கும் பேன்டோவின் பட்டை ஒரே இடத்தில் தேயாமல் இருக்க, கம்பியை நேர்ப்பாதையில் மாஸ்ட்டுக்கு மாஸ்ட் (கம்பத்துக்குக் கம்பம்) 200 மில்லிமீட்டர் இடமும் வலமும் மாற்றி இழுத்திருப்பார்கள். கம்பியின் இழுவிசை சுமார் 1,000 கிலோ. அதைச் சரிசெய்யும்போது ஏணி ஒரு அங்குலம் அசைந்தால் என் வயிறு கலங்கும். நான் சொல்வதை மிகை என்பவர்கள் ஒரு முறை மேலே ஏறிவிட்டு வந்து பேசட்டும்.

கேட்டனரி:
சப்வே விஷயத்தை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தீர்க்க முடியாத சிக்கல் இல்லை, அண்ணா. கேட்டை மூடும்போதே அந்த இடத்தில் தண்டவாள மட்டத்துக்குச் சிறிய கான்கிரீட் தளமும், பூட்டுப் போட்ட அணுகுபாதையும் விட்டுவைக்கலாம். மூடிய பிறகு கேட்டால் நிலம் கிடைக்காது. ஸ்டாகர் சொன்ன ஏணி வேலை அத்தனையும் சிறு வேலை. அதற்கு இந்த வண்டி போதாதா?

பழைய லைன்மேன்:
சிறு வேலைக்குப் போதும். எர்த் போட்டு, பிரேக் பிடித்து, மேடையில் இரண்டு பேர் நிற்க இடம் இருந்தால் ஏணியைவிட நூறு மடங்கு மேல். அதில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை 'டவர் வேகனை நிறுத்திவிடலாம்' என்ற ஒரு வரியோடுதான். கம்பி அறுந்தால் என்ன ஆகும்? ஒரு டென்ஷன் லெங்த் (ஒரே இழுப்பில் கட்டிய கம்பியின் நீளம்) 1,500 மீட்டர் வரை இருக்கும். எங்கே அறுந்தாலும், கம்பியை இழுத்துப் பிடித்திருக்கும் எடைக்கட்டி இறங்கி, இரண்டு பக்கமும் கம்பி தொங்கிவிடும். கம்பிச் சுருள், இன்சுலேட்டர், கம்பத்திலிருந்து கம்பியைத் தாங்கும் கேன்டிலீவர், பத்துப் பேர், எல்லாம் ஒரே பெட்டியில் வந்தாக வேண்டும். வேலை முடிந்ததும் அதே டவர் வேகனின் பேன்டோவை உயர்த்தி ஓட்டிப் பார்த்து, உரசல் சரியாக இருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகுதான் லைனைத் திறப்போம். ரோட்டு வண்டியில் இத்தனையும் அடங்காது.

ஸ்டாகர்:
அப்படியானால் எங்கள் செக்‌ஷனில் வளைவுகள் உள்ள பகுதிக்கு முதலில் ஒன்று கொடுங்கள். அங்கே இன்னும் இரண்டு கேட்டுகள் மூடப்படாமல் இருக்கின்றன. சப்வே வேலை தொடங்கும் முன்பே தளத்துக்கு அளவெடுத்துவிடலாம்.