மறைக்கல்வி வகுப்பில் புனிதர்களையும் திருவழிபாட்டுக் காலங்களையும் எப்படிச் சொல்லித் தருவது?

கேள்வி (மறைக்கல்வி ஆசிரியை, வள்ளியூர்ப் பக்கம்):

அனைவருக்கும் வணக்கம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுத்து வருகிறேன். சென்ற மாதம் "புனித அந்தோணியார் யார்?" என்று கேட்டேன். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, "கேட்டதைக் கொடுப்பார் டீச்சர், எங்க அம்மா உவரி அந்தோணியார் கோயிலுக்கு நடந்தே போனாங்க" என்றாள். அதற்குமேல் வகுப்பில் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. திருவிழாவின் கொடியேற்றமும் சப்பரமும் அசன விருந்தும் அவர்களுக்கு மனப்பாடம். சப்பரத்தில் வருகிறவர் நம்மைப் போல் பிறந்து வாழ்ந்த மனிதர் என்பதுதான் மனத்தில் பதியவில்லை. உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய தவக்காலம் என்றால் கறி சாப்பிடக் கூடாது என்பதோடு நின்றுவிடுகிறது. திருவழிபாட்டுக் காலங்களையும் அவற்றில் குருவானவர் அணியும் உடையின் நிறங்களையும் கரும்பலகையில் எழுதி ஒப்பிக்க வைத்தேன். அடுத்த வாரமே மறந்துவிட்டார்கள். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை):

அம்மா, வடக்கன்குளம் பக்கத்திலேயே இருக்கும்போது நீங்கள் தொலைவில் தேட வேண்டியதில்லை. நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, 1745-இல் வடக்கன்குளத்தில்தான் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். ஆனால் ஆண்டுகளிலும் மரணத்திலும் கதையைத் தொடங்காதீர்கள். மாடுகள் செத்து, விளைச்சல் பொய்த்து, மனம் உடைந்திருந்த அவரிடம், குளச்சல் போரில் பிடிபட்டுப் பின் திருவிதாங்கூர்ப் படையில் பணியாற்றிய டச்சுப் படைத்தலைவர் டிலனாய், விவிலியத்தில் வரும், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் வரலாற்றைச் சொன்னார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். அங்கே தொடங்குங்கள். ஆடு மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் துக்கம் உடனே விளங்கும். சித்திரவதைகளை இந்த வயதில் ஓரிரு வரிகளில் கடந்துவிடலாம். லாசர் என்ற பெயரின் தமிழ்தான் தேவசகாயம் என்பதையும் சொல்லுங்கள். அந்தப் பெயரில் அவர்களுக்குத் தாத்தாவோ மாமாவோ நிச்சயம் இருப்பார்.

மறுமொழி 2 (அருள்சகோதரி, தூத்துக்குடி):

காலங்களைப் பிள்ளைகள் கையால்தான் கற்கிறார்கள் என்பது என் அனுபவம். குருத்து ஞாயிறன்று வாங்கும் ஓலையில் சிலுவை முடையச் சொல்லி, வீட்டில் திருப்படத்தின் பின்னால் செருகி வைக்கச் சொல்வேன். அடுத்த ஆண்டு தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய ஞாயிறு அதைக் கொண்டுவர வேண்டும். வெளிர்மஞ்சளாக வாங்கிப் போன ஓலை பழுப்பேறி, தொட்டால் நொறுங்கும் நிலையில் வரும். பழைய ஓலையைச் சுட்ட சாம்பல்தான் நெற்றியில் பூசப்படுகிறது என்பதை நான் விளக்க வேண்டியதே இல்லை; தன் ஓலை எரிவதை நின்று பார்த்த பிள்ளை அதை மறப்பதில்லை.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலத்துக்குச் சிரட்டையும் கேழ்வரகும் போதும். டிசம்பர் நடுவில் ஆளுக்கொரு சிரட்டையில் மண் நிரப்பி விதைக்க வைத்தால், குடிலுக்கு வேண்டிய புல், கிறிஸ்து பிறப்பு விழாவுக்குள் தயாராகிவிடும். நாள்தோறும் போய் முளைத்ததா என்று பார்க்கிறார்களே, அந்தக் காத்திருப்புதான் பாடம். நிறங்களைத் தனியாக ஒப்பிக்க வைக்காமல், குருவானவர் பீடத்துக்கு வரும்போது கவனித்து, வகுப்பில் வந்து சொல்லச் சொல்லுங்கள். ஊதா, வெள்ளை, பச்சை, சிவப்பு நான்கும் சில மாதங்களில் தாமாகவே பழகிவிடும்.

மறுமொழி 3 (உபதேசியாரின் மகன், மணப்பாடு):

அந்தச் சிறுமியின் பதிலைத் தவறென்று ஒதுக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தாய் வெயிலில் உவரிக்கு நடந்ததை அவள் கண்ணால் கண்டிருக்கிறாள். அந்த விசுவாசத்தின் மேல்தான் நாம் கட்ட வேண்டும். 'கொடுப்பவர் இறைவன், அந்தோணியார் நமக்காக அவரிடம் பரிந்து பேசுகிறவர்' என்று ஒரு சொல்லை மட்டும் திருத்தினால் போதும். ஆராதனை இறைவனுக்கே, புனிதர்களுக்கு வணக்கம் என்ற வேறுபாடும் அதிலேயே வந்துவிடும். 1542-இல் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்த புனித சவேரியார் கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் செபங்களைக் கற்பித்தார். நோயாளிகள் பலர் அழைத்து, தம்மால் எல்லா வீட்டுக்கும் போக முடியாதபோது, செபம் கற்ற சிறுவர்களையே அனுப்பினார் என்பது அவருடைய கடிதங்களில் இருக்கிறது. பரிந்து பேசுதல் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் தெருவில் படுத்த படுக்கையாக இருக்கும் ஆச்சி ஒருவர் இருக்கிறார். வரும் ஞாயிறு வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை அவர் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் செபிக்கச் சொல்லப் போகிறேன். அந்தச் சிறுமியைத் தொடங்கச் சொல்வேன்.