பழைய பவுலிங் பந்துக்குப் பதிலாக எதை எடுத்தீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

பத்தாம்பின்
15 பவுண்டு, ரியாக்டிவ் ரெசின் (லேனைப் பிடித்துத் திரும்பும் பிசின்), பேர்ல் (மினுமினுப்பு கலந்த) மேலோடு. எனக்குப் பிடித்த பந்து என்றால் அது ஒன்றுதான். பந்தில் விரல் ஓட்டை போடுபவர் அதை விளக்குக்கு அடியில் திருப்பிக் காட்டினார். இரண்டு விரல் ஓட்டைகளுக்கும் நடுவே மயிரிழை மாதிரி ஒரு விரிசல், நகத்தால் வருடினால் தட்டியது. அடைத்துப் பார்க்கலாம், ஆனால் நிற்கும் என்று சொல்ல மாட்டேன் என்றார். அந்த மாடல் இப்போது வருவதில்லை. அதனால் உள்ளே அதே கோர் (நடு எடைக்கட்டி) உள்ள, மினுமினுப்பு கலக்காத சாலிட் பந்தை வாங்கினேன். முதல் எறி எப்போதும் போல லேனில் உள்ள இரண்டாவது அம்புக்குறி மேல்தான் போனது. பாதி வழியிலேயே திரும்பி, முன்னால் நிற்கும் தலைப் பின்னைத் தாண்டி இடது பக்கம் அடித்தது. எடையும் பிடியும் துளிகூட மாறவில்லை, ஆனால் யாரோ வேறு ஆள் எறிந்த மாதிரி இருந்தது. அது இன்னும் மனதை உறுத்துகிறது. உங்களுக்கும் இப்படி நடந்ததா?

இடதுகை
எனக்குப் பந்தைவிடக் கட்டைவிரல்தான் கதை. பழைய பந்தின் கட்டைவிரல் ஓட்டையைப் புதுப் பந்தில் அப்படியே நகல் எடுத்துத் தரச் சொன்னேன். ஓட்டை போடுபவர், பிடி தளராமல் இருக்க நான் உள்ளே ஒட்டியிருந்த டேப்பை உரிக்க ஆரம்பித்தார். அடுக்கு அடுக்காக வந்துகொண்டே இருந்தது. "அம்மா, உங்க விரல் எப்பவோ மெலிஞ்சு போச்சு. இத்தனை நாளா பந்தை இறுக்கிப் பிடிச்சுத்தான் எறிஞ்சிருக்கீங்க" என்றார். கையை முதலிலிருந்து அளந்து ஓட்டை போட்டுக் கொடுத்தார். எறியும்போது விரல் தானாக வழுக்கி வெளியே வந்ததே, அந்த ஒரு நொடி! எந்த மாடல் என்பதெல்லாம் அப்புறம்தான்.

எண்ணெய்த்தடம்
பத்தாம்பின், கோர் ஒன்றாக இருந்தால் பந்தும் ஒன்றாகிவிடாது. லேனில் பந்து எங்கே திரும்பும் என்பதில் பெரும்பங்கு மேலோட்டுக்குத்தான். பேர்ல் வழுக்கிப் போய்க் கடைசியில் திரும்பும், சாலிட் முன்னாலேயே பிடிக்கும். புதுப் பந்து வேறு மாதிரி ஓடியதில் வியக்க என்ன இருக்கிறது? இன்னொன்று, உங்கள் பழைய பந்து லேனில் பூசும் எண்ணெயைக் குடித்துக் குடித்து மந்தமாகியிருக்கும். என் பந்தைச் சூடாக்கி எண்ணெய் எடுத்தபோது மேலெல்லாம் முத்து முத்தாக வியர்த்ததைக் கண்ணால் பார்த்தேன். ஆகவே முதலில் முடிவு செய்யுங்கள்: பழைய பந்து புதிதாக இருந்தபோது ஓடியது வேண்டுமா, கடைசி நாட்களில் ஓடியது வேண்டுமா? இரண்டாவது என்றால் இதைவிட ஹூக் (திருப்பம்) குறைந்த பந்து போதும். முதலாவது என்றால் பேர்ல் எடுங்கள். இருப்பதை விற்க வேண்டாம், சொரசொரப்பைத் தேய்த்து எடுத்து பாலிஷ் போட்டுப் பாருங்கள். தேய்க்கும் அப்ரலான் வட்டில் 2000-க்கும் 4000-க்கும் நடுவிலேயே வித்தியாசம் தெரியும். பழைய பந்தில் எடைச் சமன் ஓட்டை இருந்ததா? அமெரிக்க பவுலிங் அமைப்பான யு.எஸ்.பி.சி.யின் விதிப்படி 2020 ஆகஸ்டிலிருந்து பிடிக்கப் பயன்படாத ஓட்டை கூடாது, எனவே அந்த லேஅவுட்டை (ஓட்டைகளின் அமைப்பை) அப்படியே எடுக்க முடியாது. ஓட்டை போடுபவரிடம் பழைய பந்தையும் கொண்டுபோங்கள், பந்தின் மேல் எண்ணெய்த் தடம் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்துத்தான் அவர் துளைப்பார். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் துடையுங்கள். எண்ணெய் எடுக்கிறேன் என்று தயவுசெய்து சமையலறை ஓவனில் மட்டும் வைக்காதீர்கள்.

மணிக்கட்டு
மேலோடு, மேலோடு என்கிறீர்கள். எடையை யாரும் பேசவில்லையே? மணிக்கட்டு வலியால் 16 பவுண்டிலிருந்து 12-க்கு இறங்கினேன், அதே பெயர், அதே நிறம். பந்து சரியாகத்தான் பாக்கெட்டில் (தலைப் பின்னுக்கும் பக்கத்துப் பின்னுக்கும் நடுவே) அடித்தது, ஆனால் பின்களில் பட்டு விலகிப் போய்விட்டது. ஓரத்து 10-ஆம் பின் அசையாமல் நிற்க, நான் எறியும் கோட்டருகே அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எடை குறைந்த பந்துகளில் பல மாடல்களுக்கு உள்ளே அதே கோர் இருப்பதில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. இறங்குகிறவர்கள் பெட்டியில் உள்ள பெயரை நம்பாமல், நீங்கள் எடுக்கும் எடையில் என்ன கோர் என்று கேட்டு வாங்குங்கள்.

பத்தாம்பின்
சரி, பாலிஷ் போட்டாயிற்று. இப்போது பந்து லேனில் இன்னும் தூரம் போய்த்தான் திரும்புகிறது, பாக்கெட்டுக்கு வருகிறது. எண்ணெய்த்தடம் கேட்டதற்கு: ஆமாம், பழையதில் அந்த நான்காவது ஓட்டை இருந்தது. இடதுகை, கட்டைவிரல் ஓட்டையை மட்டும் அடைத்துத் திரும்பப் போட எத்தனை நாள் பிடிக்கும்?