கிளட்ச் பிடித்தே கை ஓய்ந்து போகிறது, லீவரை இலகுவாக்க என்ன வழி?

சேற்றுச்சக்கரம்:
250 சிசி டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக், கேபிள் கிளட்ச். பாறையும் வேரும் நிறைந்த ஏற்றத்தில் பாதி நேரம் அரை கிளட்சில்தான் ஓடுகிறது, அரை மணி நேரத்தில் முன்னங்கை கல்லாகிவிடுகிறது. முன்பு இவ்வளவு கனம் இல்லை. கேபிளுக்குள் ஆயில் விட்டேன், இரண்டு ரைடுக்குச் சரியாக இருந்தது, திரும்பவும் பழைய கதை. மெல்லிய ஸ்பிரிங் மாற்றிவிடலாமா?

பழைய ஸ்பேனர்:
ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். தட்டுகளை இறுக்கிப் பிடிப்பதே அதுதான், அழுத்தத்தைக் குறைத்தால் முழு த்ராட்டிலில் கிளட்ச் வழுக்கும், தட்டு கருகும். முதலில் கனம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். இன்ஜின் பக்கம் கேபிளைக் கழற்றிவிட்டு லீவரை இழுங்கள், ஸ்பிரிங் பாரம் இல்லாததால் வெண்ணெய் மாதிரி வர வேண்டும். அப்போதும் உரசினால் கேபிளோ லீவர் போல்ட்டோதான். லேசாக வந்தால் இன்ஜின் பக்கத்து ஆர்மை (கேபிள் இழுக்கும் சிறு நெம்புகோல்) கையால் ஆட்டுங்கள், அதன் தண்டு பேரிங்கில் துரு, சேறு ஏறியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். லீவர் போல்ட்டைக் கழற்றித் துடைத்து கிரீஸ் வையுங்கள், ஆனால் அந்த கிரீஸைக் கேபிளுக்குள் விடாதீர்கள், தூசியைச் சேர்த்து வைத்துக்கொண்டு இன்னும் மோசமாக்கும்.

ஒற்றைவிரல்:
அண்ணன் சொன்னதைச் செய்துவிட்டு இதையும் பாருங்கள். லீவர் பிராக்கெட்டை ஹேண்டில்பாரின் நடுப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளினால் விரல் லீவரின் நுனியில் விழும். கதவைக் கீல் பக்கம் தள்ளிப் பாருங்கள், பிடிப் பக்கம் தள்ளிப் பாருங்கள், அதே கணக்குதான். பைசா செலவில்லை. நான் நான்கு விரல் போட்டு இழுத்துக்கொண்டிருந்தவன், இப்போது ஒன்றே போதும்.

சேற்றுச்சக்கரம்:
கழற்றிப் பார்த்தேன். கேபிள் தனியாக இருக்கும்போதே உரசுகிறது, ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுக்கம். அப்போதுதான் உறைத்தது, ஹேண்டில்பாரை உயர்த்த ரைசர் போட்ட பிறகுதான் இந்தத் தொல்லையே ஆரம்பித்தது (இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும்). கேபிள் நீளம் போதாமல் ஒரு இடத்தில் சட்டென்று மடிந்து, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையும் தேய்ந்திருக்கிறது.

பழைய ஸ்பேனர்:
அதான் விஷயம். நீளமான கேபிள் ஒன்று வாங்கி, பெரிய வளைவாக ஓட்டி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி எங்கும் இழுபடவில்லை என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். லீவரில் கொஞ்சம் ஃப்ரீ பிளே (கேபிள் இறுகும் முன் லீவர் சும்மா நகரும் தளர்வு) விடுங்கள், அது துளியும் இல்லையென்றால் கிளட்ச் முழுசாகப் பிடிக்காது.

ஒற்றைவிரல்:
புதுக் கேபிளுக்கு அப்புறமும் கனம் என்றால் நீள ஆர்ம் போடலாம். ஆர்ம் 10 சதவீதம் நீண்டால் இழுக்கும் பலம் ஏறக்குறைய 9 சதவீதம் குறையும், ஆனால் தட்டு அதே அளவு விலக கேபிள் 10 சதவீதம் கூடுதலாக நகர வேண்டும். லீவர் கைப்பிடியைத் தொட்டும் கியரில் வண்டி முன்னால் ஊர்ந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

சேற்றுச்சக்கரம்:
கேபிள் மாற்றியாச்சு, பிராக்கெட்டையும் உள்ளே தள்ளினேன். இரண்டு விரலில் வருகிறது. ஆர்ம் இப்போதைக்கு வேண்டாம்.