காலை 6.30 வெயிலில் வைட்டமின் டி ஏறுமா?

தாழ்வாரம்:
சென்னையில் அடுக்குமாடி வீடு. அம்மாவுக்கு 58 வயசு, வைட்டமின் டி 11 நானோகிராம்னு ரிப்போர்ட். மூணு மாசமா தினமும் காலை 6.30க்கு பால்கனிக் கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் அரை மணி நேரம் வெயில் காய்றாங்க. மனசு தெளிவா இருக்காம், தூக்கமும் நல்லா வருதாம். ஆனா டி ஏறவே இல்லை. எங்கே தப்பு?

வேப்பமரம்:
முதல் தப்பு கண்ணாடி. தோலில் டி உண்டாக்குறது புற ஊதா பி கதிர். ஜன்னல் கண்ணாடி அதை அநேகமா முழுசா மறிச்சுடும். ஏ கதிர் மட்டும் உள்ளே வரும். தோல் கறுக்கும், டி வராது.

கதவைத் திறந்தாலும் 6.30 வெயில் ஆகாது. சூரியன் சரிஞ்சு இருக்கும்போது கதிர் ஓசோனுக்குள்ள ரொம்ப தூரம் வரணும், பி கதிர் வழியிலேயே தீர்ந்துடும். கடிகாரத்தை விட நிழலைப் பாருங்க. நிழல் ஆளை விடக் குட்டையா விழணும். சென்னையில் மார்ச்னா ஏறக்குறைய 9.15க்கு மேல, டிசம்பர்னா 10.20க்கு மேல.

முழங்கை வரை கை, முழங்காலுக்குக் கீழ் கால் ரெண்டும் வெயில் படட்டும். 20–30 நிமிஷம், வாரம் மூணு நாலு நாள். தோல் எரிய ஆரம்பிச்சா உடனே நிழலுக்கு வந்துடணும். வெள்ளைக்காரங்களுக்குச் சொன்ன 10 நிமிஷக் கணக்கு நம்ம நிறத்துக்குப் பத்தாது. அதுக்காக முகத்தை மட்டும் காட்டிட்டு ஒரு மணி நேரம் நிக்கிறதும் வீண். ஒரு கட்டத்துக்கு மேல, தோலில் உண்டானதையே வெயில் வேற பொருளா மாத்திடும். நேரத்தை விடப் பரப்புதான் முக்கியம்.

மாத்திரைப்பெட்டி:
11 என்பது மிகவும் குறைவு. வெயிலை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். மருத்துவர்கள் பொதுவாக 60,000 யூனிட், வாரம் ஒன்று, 8 வாரம் என்று எழுதுவார்கள். கொழுப்பில் கரைவது, வெறும் வயிற்றில் போடாமல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். அடிக்கடி நடக்கும் தவறு, வார மாத்திரையைத் தினமும் விழுங்குவது. ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், கடைசியில் சிறுநீரகம் வரை போகும். சிறுநீரகக் கல் வந்திருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை.

லக்ஸ்மீட்டர்:
காலை வெயிலை விட்டுடாதீங்க! அந்தத் தெளிவு டி-யால வரலை, கண்ணால வந்தது. விழித்திரையில் நீல ஒளியை உணர்ற தனி செல்கள் இருக்கு. 'விடிஞ்சாச்சு'ன்னு மூளையின் கடிகாரத்துக்குச் சொல்றது அதுதான். டியூப்லைட் போட்ட ஹாலில் 100–300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்குற அலகு); மேகம் மூடின நாள்லகூட வெளியே பல ஆயிரம். இதுக்குக் கண்ணாடி பெரிய தடை இல்லை, ஆனா கதவைத் திறந்தா இன்னும் நல்லது. கூலிங் கிளாஸ் வேண்டாம். சூரியனை நேராப் பார்க்கவே கூடாது, உதிக்கும்போதும்தான்.

நைட் ஷிப்ட்காரங்க இதைப் பார்த்துச் செய்யாதீங்க. வீடு திரும்பும்போது வெயில் கண்ணில் பட்டா பகல் தூக்கம் கெடும். அவங்களுக்குத்தான் கூலிங் கிளாஸ்.

தாழ்வாரம்:
நன்றி. பிரஷர் மாத்திரை சாப்பிடுறாங்க, 10.30 வெயிலில் நிக்கலாமா?

மாத்திரைப்பெட்டி:
அட்டையின் பின்பக்கம் பாருங்கள். 'ஹைட்ரோகுளோரோதயசைடு' இருந்தால் தோல் வெயிலுக்குச் சீக்கிரம் சிவந்து எரியும். மருத்துவரிடம் கேட்கும் வரை 10.30 வெயிலோ உச்சி வெயிலோ வேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.