குவெட்லின்பர்க்கில் பழைய வீடு புதுப்பிக்கும் பயிற்சி: வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

ஹார்ட்ஸ்_புதியவன்:
எல்லோருக்கும் வணக்கம். நேற்று இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. ஜெர்மனியில், குவெட்லின்பர்க் ஊரில் மரச்சட்ட வீடுகளைச் செப்பனிடும் ஒரு சிறிய நிறுவனத்தில் பயிற்சியில் இருக்கிறேன். ஊரில் சிவில் டிப்ளமா முடித்தவன். பழைய கட்டடங்கள் மேல் இருந்த ஆசையால்தான் வந்தேன். நேற்று முதலாளி ஒரு தாளைக் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வா, நல்லபடியாக முடித்துக்கொள்ளலாம் என்றார். பாதிதான் புரிந்தது. என் விசா என்ன ஆகும்? உடனே ஊருக்குத் திரும்ப வேண்டுமா? அப்பா வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது. யாராவது சொல்லுங்கள்.

டார்ட்முண்ட்_சித்தப்பா:
தம்பி, முதலில் மொழியைப் படியுங்கள். பாதிதான் புரிந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் 1986-இல் கிழக்கு பெர்லின் வழியாக வந்து இறங்கியபோது ஒரு வார்த்தை தெரியாது. ஒரே அறையில் ஆறு பேர். ஜன்னலில் பனி உள்பக்கமாக உறையும். வேலை செய்ய அனுமதி இல்லை. அகராதியை வைத்துக்கொண்டு பழைய செய்தித்தாளைத்தான் நாள் முழுக்கப் படித்தேன். சின்ன ஊரில் தனியாக இருக்காமல் இந்தப் பக்கம் வந்துவிடுங்கள். ஹாம் நகரில் காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, நம்மவர்கள் இருக்கிறார்கள், ஆறுதலாக இருக்கும்.

கோட்புஸ்_மாணவி:
அண்ணா, பழைய கட்டடங்களில் ஆர்வம் என்றால் பயிற்சியை விட்டுவிட்டு முதுகலை படிக்கலாமே? கோட்புஸ் பல்கலைக்கழகத்தில் உலகப் பாரம்பரியம் பற்றிய படிப்பு ஆங்கிலத்திலேயே இருக்கிறது. பாம்பெர்க்கிலும் பாரம்பரியப் பாதுகாப்புப் படிப்பு உண்டு. சாரத்தில் ஏறிக் குளிரில் வேலை செய்யத் தேவையில்லை.

ஹாலே_கொத்தனார்:
அவர் டிப்ளமா என்கிறார், முதுகலைக்கு இளங்கலை வேண்டுமே தங்கச்சி. சித்தப்பா சொன்னதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. இந்தத் தொழிலைக் கற்க குவெட்லின்பர்க்கை விட நல்ல இடம் எது? 2000-க்கும் மேற்பட்ட மரச்சட்ட வீடுகள் இருக்கிற ஊர், 1994-இல் யுனெஸ்கோ பட்டியலில் வந்தது. 1980-களில் பழைய பகுதிகளை இடிக்கவே தொடங்கிவிட்டார்கள். 1989-இல் கிழக்கு ஜெர்மனி ஆட்சி விழுந்ததால் மிச்சம் தப்பியது. 1991-இல் கிழக்கு மாநிலங்களின் பழைய நகரங்களுக்கென்று தனி அரசு நிதித் திட்டம் வந்த பிறகுதான் கைவேலை தெரிந்தவர்களுக்கு மதிப்புத் திரும்பியது.

நான் இங்கே கொத்துவேலைப் பயிற்சி முடித்தவன். முதல் ஆறு மாதம் சுண்ணாம்புக் கலவை, களிமண்ணும் வைக்கோலும் பிசைவது, இது தவிர எதையும் தொட விடவில்லை. பழைய ஆட்கள் சிமென்ட் பூசிய சுவரை உடைத்துக் காட்டினார்கள். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது, உள்ளே இருக்கும் ஓக் கட்டை ஊறி, கையில் எடுத்தால் பொடியாக உதிர்ந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குக் காரைக்குடியில் தாத்தா கடுக்காய் ஊறவைத்த நீரில் சுண்ணாம்பு குழைத்தது ஞாபகம் வந்தது. அவருக்குத் தெரிந்ததைத்தான் மூன்று வருடம் ஜெர்மன் மொழியில் படித்தேன்.

26 வயதுக்குள் இருந்தால் யூகெண்ட்பாவ்ஹூட்டேயில் சேருங்கள். இளைஞர்களுக்கான ஒரு வருடப் பாரம்பரியச் சேவை. அதன் முதல் மையமே 1999-இல் குவெட்லின்பர்க்கில்தான் தொடங்கியது.

மாக்டெபுர்க்_ராஜி:
சின்ன ஊரில் இருப்பது அவ்வளவு எளிதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு கடை திறக்காது. கறிவேப்பிலைக்கு ஒரு மணி நேரம் ரயில் ஏற வேண்டும். வெளிநாட்டவர் அலுவலகத்தில் நாள் கேட்டால் ஆறு வாரம் கழித்துத் தருகிறார்கள்.

டார்ட்முண்ட்_சித்தப்பா:
எங்கள் காலத்தில் கறிவேப்பிலையே கிடையாது. அரிசியும் கடைக்காரர் வைத்திருக்கிற பால் கஞ்சி அரிசிதான்.

கோட்புஸ்_மாணவி:
எனக்கு வீட்டு உரிமையாளர் இரண்டு மாதமாக ஹீட்டரைச் சரிசெய்து தரவில்லை. யாரிடம் சொல்வது என்றே தெரியவில்லை.

எர்ஃபுர்ட்_அக்கா:
எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள். தம்பிக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. தம்பி, மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, அந்தத் தாளின் தலைப்பு என்ன, எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதுங்கள். இரண்டு, பயிற்சி எந்தத் தேதியில் தொடங்கியது. மூன்று, குடியிருப்பு அட்டையில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது.

ஹார்ட்ஸ்_புதியவன்:
மன்னிக்கணும் அக்கா, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தலைப்பு அவ்ஃப்ஹேபுங்ஸ்ஃபெர்ட்ராக். தச்சுவேலைப் பயிற்சி, ஆகஸ்ட் 1 தொடங்கியது, இப்போது ஜனவரி நடுப்பகுதி. அட்டையில் 16ஏ என்று இருக்கிறது, தொழிற்பயிற்சிக்கான பிரிவு.

எர்ஃபுர்ட்_அக்கா:
அப்படியென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். இன்றைக்கும் வேண்டாம், வெள்ளிக்கிழமையும் வேண்டாம்.

நிறுவனம் உங்களை நிறுத்துகிற கடிதம் இல்லை அது. நீங்களும் சம்மதித்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறீர்கள் என்ற தாள். பயிற்சியில் சோதனைக் காலம் சட்டப்படி அதிகபட்சம் நான்கு மாதம்தான். ஆகஸ்டில் தொடங்கியிருந்தால் நவம்பர் கடைசியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு முதலாளி உங்களை நீக்க வேண்டுமானால் கனமான காரணம் வேண்டும், அதையும் எழுத்தில் காரணத்தோடு தர வேண்டும். வாயால் சொன்னால் செல்லாது. அதனால்தான் உங்கள் கையெழுத்தைக் கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

விசாவுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. உங்கள் தவறில்லாமல் பயிற்சி நின்றுபோனால், 16ஏ அட்டையை ரத்து செய்வதற்கு முன் வேறு இடம் தேட ஆறு மாதம் வரை வாய்ப்புத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நீங்களே சம்மதித்து வெளியே வந்தால், என் தவறில்லை என்று வாதாடுவது கஷ்டம். உடனே ஊருக்குத் திரும்புகிற நிலை இப்போது இல்லை.

நாளைக் காலை செய்ய வேண்டியது. கைவினைத் தொழில்களுக்கான சபையான ஹான்ட்வெர்க்ஸ்காமருக்குப் போன் செய்யுங்கள், உங்கள் மாவட்டத்துக்கு மாக்டெபுர்க்கில் இருக்கிறது. பயிற்சி ஆலோசகர் வேண்டும் என்று கேளுங்கள். பணம் கட்ட வேண்டாம், முதலாளியையும் உங்களையும் உட்காரவைத்துப் பேசுவதே அவர் வேலை. ஃபேரே இன்டெக்ராசியோன் என்ற ஆலோசனை மையம் எல்லா மாநிலத்திலும் உண்டு, அதுவும் இலவசம். வேலைக்குத் தினமும் நேரத்துக்குப் போங்கள். தாளைப் படித்துப் பார்க்க அவகாசம் வேண்டும் என்று மட்டும் முதலாளியிடம் சொல்லுங்கள், அதை மின்னஞ்சலிலும் அனுப்பிவையுங்கள்.

நாளை உண்மையிலேயே நீக்கல் கடிதம் வந்தால் வாங்கிய தேதியை அதன் மேல் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்க்க மூன்று வாரம்தான், ஆலோசகரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு இரண்டு வாரத்துக்குள் நீங்களே தெரிவிக்க வேண்டும். நாள் கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள், எழுத்தில் அனுப்பினால் போதும்.

ஹாலே தம்பி சொன்ன சேவை நல்லதுதான், ஆனால் அதற்கு வேறு அனுமதி, கையில் கிடைப்பது செலவுக்காசுதான். கையில் இருக்கிற பயிற்சியை விட்டுவிட்டு அதற்குத் தாவக் கூடாது.

ஹாலே_கொத்தனார்:
அக்கா சொல்வது சரி, நான் அதை யோசிக்கவில்லை. தம்பி, பயிற்சிக் குறிப்பேட்டை ஒழுங்காக எழுதிவருகிறீர்களா? ஆலோசகர் முதலில் அதைத்தான் கேட்பார்.

ஹார்ட்ஸ்_புதியவன்:
ஆலோசகரிடம் பேசிவிட்டேன். அக்கா சொன்னதையேதான் அவரும் முதலில் சொன்னார், கையெழுத்து வேண்டாம் என்று. செவ்வாய்க்கிழமை நிறுவனத்துக்கே வருகிறார். சாரத்தில் எச்சரிக்கை சொன்னபோது எனக்குப் புரியாமல் நின்றதுதான் முதலாளியின் பயமாம். பயிற்சியோடு சேர்த்து மாலை மொழி வகுப்பு ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன் என்றார். குறிப்பேட்டில் நவம்பர் மாதம் மட்டும் பாக்கி இருக்கிறது, இன்று இரவு உட்கார்ந்து எழுதுகிறேன். அடிக்கட்டை மாற்றும்போது பழைய ஓக்கில் புதுத் துண்டைக் கூர் வைத்து இணைத்ததை ஜெர்மனில் எப்படி எழுதுவது, ஹாலே அண்ணா?