புதுப்பிப்பு: விடியற்காலைப் படங்களும் எடிட்டிங்கும்

மனம் சோர்ந்திருந்த நாட்களில் கேமராவோடு விடியலுக்கு முன்பே வெளியே கிளம்பத் தொடங்கியதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அப்படி எடுத்த படத்தைக் கணினியில் திருத்தினால் அந்த அமைதி கெட்டுவிடாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இப்போது பதில் சொல்ல முடிகிறது: கெடவில்லை, இன்னும் நீள்கிறது.

நான் ரா கோப்பில்தான் எடுக்கிறேன்; கேமராவின் சென்சார் பதிந்ததை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கும் கோப்பு அது. வழக்கமான 8 பிட் ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள்தான்; 14 பிட் ராவில் 16,384. அதனால் வெறும் இருட்டாகத் தெரியும் பாறையிடுக்கிலும் பாசியின் பச்சை ஒளிந்திருக்கிறது. ஷேடோவை, அதாவது படத்தின் இருண்ட பகுதிகளின் வெளிச்சத்தை, மெதுவாக உயர்த்தும்போது, அங்கே நின்று கண் பார்த்தது மறுபடி வெளியே வருகிறது. வானம் முழுக்க வெளுத்துப்போனால் மட்டும் மீட்க வழியில்லை. எடுக்கும்போதே, வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் மிக வெளிச்சமான பகுதிகளைக் காட்டும் வலது ஓரத்தைப் பார்த்துவிடுங்கள்.

அதிக நேரம் போவது ஒயிட் பேலன்ஸில், அதாவது வெளிச்சத்தின் நிறச்சாயலைச் சரிசெய்வதில். சூரியன் எழுமுன் வெளிச்சத்தில் நீலம் தூக்கலாக இருக்கும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அதைக் குறைக்கப் பார்க்கும்; நான் விடுவதில்லை. அந்தக் குளிர்ச்சிதானே என்னை அங்கே நிறுத்தி வைத்தது! சாச்சுரேஷனை (நிறங்களின் அடர்த்தியை) அநேகமாகத் தொடுவதில்லை. வேறு வானத்தை வெட்டி ஒட்டுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

அப்புறம், கேமரா இல்லாமல் நடக்கும்போதும் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, மூடுபனி எப்போது கலைகிறது என்று கவனிக்கிறேன். தூக்கமும் தேறியிருக்கிறது. என்ன வாங்கலாம் என்று கேட்டவர்களுக்கு: முதலில் நல்ல ட்ரைபாட் (கேமராவைத் தாங்கும் முக்காலி), லென்ஸ் பிறகு பார்க்கலாம்.