வல்வெட்டித்துறையில் சாப்பாட்டுக் கடை: சுவரில் எந்தக் கப்பலை வரைவது?

கடற்கரைப்பிள்ளை:
வணக்கம். நானும் தம்பியும் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை திறக்கப்போகிறோம். புட்டு, சொதி, கணவாய்க் கறி, சனிக்கிழமைகளில் பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ். எங்கள் அப்பப்பா பாய்க்கப்பலில் நாகப்பட்டினத்துக்கும் ரங்கூனுக்கும் போய் வந்தவர். கடைக்குள் காலடி வைக்கிறவருக்கு இது கப்பல்காரர் ஊர் என்று தெரிய வேண்டும், அதுதான் என் ஆசை.

படம் வரைய வந்தவர் கைபேசியில் காட்டியதெல்லாம் மூன்று பாய்மரம் வைத்த ஐரோப்பியப் போர்க்கப்பல்கள். பீரங்கி வேறு! அதை வரைந்துவிட்டு, பக்கத்திலேயே அப்பப்பாவின் படத்தை எப்படி மாட்டுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்டயல் பேரன், லண்டன்:
தங்கச்சி, அன்னபூரணி இருக்க வேறு கப்பல் எதற்கு? நம் கரையிலேயே கட்டியது. அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை வாங்கி, மனைவியின் பெயரில் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று மாற்றினார். நம் ஊர் மாலுமிகள் ஓட்டிப் போய், 1938 ஆகஸ்ட் 1ஆம் திகதி மசாசூசெட்ஸில் உள்ள குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். 89 அடி நீளம், இரண்டு பாய்மரம். பாய்மரக் கணக்கை மட்டும் ஓவியர் பிசகாமல் வரையட்டும்.

பெயரை அன்னபூரணி என்றே எழுதுங்கள். சோறு போடுகிற இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

ஓடாவி வீடு:
ஓட்டியவர்களைச் சொல்லும்போது கட்டியவர்களையும் சொல்லுங்கள், பிள்ளை. வேப்பமரத்தைச் செதுக்கிப் பலகை பொருத்தியவர்கள், தண்ணீர் புகாமல் இடுக்கெல்லாம் அடைத்துக் கலப்பத்து அடித்தவர்கள், இவர்கள் இல்லாமல் எந்தக் கப்பலும் தண்ணீரில் இறங்கவில்லை. என் அம்மப்பா மரம் செதுக்கிய வாய்ச்சி வீட்டில் இருக்கிறது. பிடி தேய்ந்து அவர் கைக்கு ஏற்ற வடிவமே வந்துவிட்டது. கடைக்குத் தருகிறேன். கண்ணாடிக்குள் பூட்டி வைக்க வேண்டாம், சிறுவர்கள் தொட்டுப் பார்க்கட்டும்.

பருத்தித்துறை மாமி:
கூழைப் பற்றி ஒரு சொல். அதற்கு 'மாலுமிக் கூழ்' என்று மட்டும் பெயர் வைத்துவிடாதேங்கோ. எங்கள் வீட்டில் அப்பா கப்பலால் வந்து இறங்கிய அன்றுதான் கூழ். நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் போட்டு ஒரே பானை. முற்றத்தில் வட்டமாக இருந்து குடிப்போம், அயலட்டையும் வந்துவிடும். கடலில் இருந்த நாளெல்லாம் சோறும் கருவாடும்தான் என்று அப்பா சொல்லுவார். கூழ் காத்திருந்தவர்களின் சாப்பாடு. அப்புறம், கோப்பை வேண்டாம், பனையோலைப் பிளாவில் கொடுங்கோ. அந்த ஓலை வாசம் இல்லாவிட்டால் கூழ் பாதிதான்.

கடற்கரைப்பிள்ளை:
மாமி, வாசித்ததும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்கள் வீட்டிலும் அப்படித்தானாம். கூழ்ப் பானைக்கு மேலே உள்ள சுவரை அன்னபூரணிக்கு ஒதுக்கிவிட்டோம். இரண்டு பாய்மரம் என்று ஓவியரிடம் சொல்லியாயிற்று. ஊர்க் கோயில் இந்திர விழாவுக்கு முன் திறந்துவிடுவோம். ஓடாவி வீட்டு ஐயா, வாய்ச்சியை எடுக்கத் தம்பி ஞாயிறு காலை வருவான். வீட்டில் இருப்பீர்களா?